கழிமுகக் குழல்மீன்: ஆறு கடலைத் தொட்டால்தான் பிழைக்கும் ஒரு சின்ன மீன்

மழை நன்றாகப் பெய்து ஆறு பெருகி ஓடும்போதெல்லாம், "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் போய்க் கலக்கிறதே" என்று யாராவது ஒருவர் ஆதங்கப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆதங்கத்தில் தப்பு ஒன்றும் இல்லை, தண்ணீருக்குத் தவிப்பவர்களின் பேச்சு அது. ஆனால் ஆறு கடலில் கலப்பதே வீண் என்று முடிவு கட்டிவிட்டால், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மட்டும் வாழ்கிற, ஒரு சாண்கூட நீளம் இல்லாத ஒரு மீன் ஏன் உலகத்திலிருந்தே மறையும் நிலைக்கு வந்தது என்பது நமக்குக் கடைசி வரை புரியாது. அதை யாரும் வலை போட்டு அள்ளித் தீர்க்கவில்லை, சந்தையில் விற்கவும் இல்லை. அது வாழ்ந்த இடத்துக்கு ஆறு வருவது குறைந்தது, அவ்வளவுதான். அந்த மீனைப் பற்றி முதல் படியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் குழல்மீன் என்றால் என்ன? கடல்குதிரையை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்போம். அந்தக் கடல்குதிரையின் குனிந்த தலையை நிமிர்த்தி, சுருண்ட வாலை நேராக்கி, உடம்பை ஒரு குச்சி போல இழுத்து நீட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் குழல்மீன். இரண்டும் ஒரே குடும்பம், சிங்னாதிடே என்று பெயர். கிரேக்கத்தில் அதற்கு 'ஒட்டிய தாடை' என்று பொருள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் நீண்டு, ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழாய் ஆகிவிட்டது, அந்தக் குழாயின் நுனியில் குட்டியாக ஒரு வாய். இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 300 இனங்கள் இருக்கின்றன. கடல்குதிரைகள் அதில் ஒரு சிறு பகுதிதான், பெரும்பாலானவை குழல்மீன்களே. கடல்குதிரைக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கிடைக்காதது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

நாம் பார்க்கப்போகும் இனத்தின் அறிவியல் பெயர் சிங்னாதஸ் வாட்டர்மேயரி. ஆறு கடலோடு சேரும் கழிமுகங்களை விட்டு அது வெளியே போவதில்லை என்பதால் தமிழில் 'கழிமுகக் குழல்மீன்' என்று சொல்லலாம். 1963ல் இதைத் தனி இனமாக விவரித்துப் பெயர் சூட்டியவர் ஜே. எல். பி. ஸ்மித். டைனோசர்களோடு அழிந்துபோனதாக நினைத்திருந்த சீலகாந்த் மீன் 1938ல் தென்னாப்பிரிக்காவில் உயிரோடு பிடிபட்டதே, மறு ஆண்டு அதற்குப் பெயர் வைத்தாரே, அதே ஸ்மித்தான். அவர் வேலை பார்த்தது கிரஹாம்ஸ்டவுன் ஊரில் இருக்கும் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில். அந்த ஊருக்கு இப்போது மக்கான்டா என்று பெயர். இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடியும் வரும்.

இந்த மீன் வாழ்ந்ததாகப் பதிவாகியுள்ள இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கெண்டன்-ஆன்-சீ என்ற கடலோர ஊரின் இரண்டு பக்கமும் இரண்டு ஆறுகள் கடலில் சேர்கின்றன, ஒன்று புஷ்மன்ஸ், இன்னொன்று கரீகா. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் கசூகா. இன்னும் கிழக்கே, போர்ட் ஆல்ஃபிரட் ஊரையும் தாண்டிப் போனால் க்ளைன்மொண்டே. இவை எல்லாமே சுமார் 50 கிலோமீட்டர் கடற்கரைக்குள் அடங்கிவிடும். காலையில் காரில் கிளம்பினால் மதியத்துக்குள் ஒவ்வொரு முகத்துவாரத்திலும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஒரு இனத்தின் மொத்த உலகமும் அவ்வளவுதான்.

சரி, மீன் எப்படி இருக்கும்? முழுதாக வளர்ந்தாலும் 15 செ.மீ. பக்கம்தான், தடிமன் ஒரு பென்சில்கூட இருக்காது. பழுப்பு நிற உடம்பு. செதில் கிடையாது. அதற்குப் பதிலாகத் தோலுக்கு அடியில் எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக, ஒன்றன்பின் ஒன்றாக உடம்பு முழுக்க அடுக்கியிருக்கும். மூங்கில் கணு மாதிரி என்று சொன்னால் சரியாக இருக்கும். இந்தக் கவசத்தால் ஒரு லாபம், ஒரு நஷ்டம். கடித்து விழுங்க வருபவர்களுக்கு இது ருசியில்லாத எலும்புக் குச்சி, அது லாபம். ஆனால் மற்ற மீன்கள் மாதிரி உடம்பை வளைத்து வீசி வேகமாக நீந்த முடியாது, அது நஷ்டம். ஆகவே முதுகில் இருக்கும் ஒரே ஒரு துடுப்பை மிக வேகமாக அலைபோல் படபடவென்று அடித்து, உடம்பை அசைக்காமல் மெதுவாக நகரும். அடிவயிற்றுத் துடுப்புகள் கிடையவே கிடையாது. வால் நுனியில் சின்னதாக ஒரு விசிறித் துடுப்பு உண்டு, ஆனால் கடல்குதிரை மாதிரி அந்த வாலைச் சுற்றி எதையும் இறுகப் பற்றிக்கொள்ள இதனால் ஆகாது.

வேகமாக ஓட முடியாத ஒரு பிராணிக்கு ஒளிந்துகொள்வதுதான் வழி. அதற்கு இது நம்பியிருப்பது கடற்புல். கடற்புல்லைப் பலர் பாசி என்று நினைத்துவிடுகிறார்கள், அது தவறு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது. கடற்புல் வேர் பிடித்து, தண்ணீருக்கு அடியிலேயே பூத்து, விதை விடுகிற நிஜமான தாவரம். இந்தக் கழிமுகங்களில் வளர்வது சோஸ்டெரா கேப்பன்சிஸ் என்ற இனம், நாடா போல் ஒல்லியான பச்சை இலைகள் கொத்துக் கொத்தாக நிற்கும். குழல்மீன் அந்த இலைகளுக்கு நடுவே தலை மேலாக, உடம்பைச் சாய்த்து நின்றுகொண்டு, நீரோட்டத்தில் இலை எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதே பக்கம் ஆடும். கண் முன்னாலேயே இருந்தும் ஆள் பார்க்காமல் போவது மிகச் சாதாரணம். கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடுகிற க்ளைன்மொண்டே மாதிரிக் கழிமுகங்களில் சோஸ்டெராவுக்குப் பதில் ரூப்பியா என்ற இன்னொரு நீர்த்தாவரம் அடர்ந்து வளரும், அங்கே அதுதான் இதற்கு வீடு.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். இந்த மீனின் வாழ்க்கையையே தீர்மானிக்கிற விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

குழல்மீனுக்குப் பல் இல்லை. மெல்ல முடியாது, கடித்துக் கிழிக்க முடியாது. அதன் இரை தண்ணீரில் மிதந்து திரியும் மிகச் சிறிய உயிரிகள், குறிப்பாகக் கோபிபாட் என்ற, அரிசி முனை அளவுகூட இல்லாத இறால் வகைச் சொந்தக்காரர்கள். குழல்மீனின் இரண்டு கண்களும் தனித்தனியாகத் திரும்பும், ஒன்று முன்னால் பார்க்கும்போது இன்னொன்று பின்னால் பார்க்கலாம். இரை ஒன்று மிதந்து வருகிறதா, அதை நோக்கி அசையாமல் நின்று, மிக மெதுவாகத் தலையைப் பக்கத்தில் கொண்டுபோகும். அப்புறம் திடீரென்று தலை மேல்நோக்கித் துள்ளும், அதே நொடியில் குழாய் விரிந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிவிடும். இந்தத் துள்ளல் நடந்து முடிய ஒரு வினாடியின் ஆயிரத்தில் பத்துப் பங்குகூட ஆவதில்லை. வெறும் தசையின் பலத்தால் இவ்வளவு வேகம் வராது. கவணின் ரப்பரை முன்கூட்டியே இழுத்துப் பிடித்து வைத்திருந்து, பிறகு சட்டென்று விடுகிறோம் அல்லவா, அப்படித் தலைக்குப் பின்னால் உள்ள தசைநாண்களை முன்பே இழுத்து வைத்திருந்து, வேண்டிய கணத்தில் விடுவிக்கிறது. அவ்வளவு சின்ன உடம்பில் இப்படி ஒரு பொறி வேலை செய்கிறது என்பதை முதல் தடவை படித்தபோது நான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

ஆனால் இந்தப் பொறிக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு, மூக்குக்கு நேர் எதிரே, ஏறக்குறைய மூக்கு நுனிக்குப் பக்கத்திலேயே இரை இருந்தால்தான் கிடைக்கும். துரத்திப் போய்ப் பிடிக்கிற வேலைக்கு இது லாயக்கில்லை. போதாததற்கு இதற்கு இரைப்பையும் கிடையாது. ஆமாம், வயிற்றுக்குள் உணவைச் சேர்த்து வைத்துச் செரிக்கும் அந்தப் பை இந்தக் குடும்பத்துக்கே கிடையாது. வாயில் போனது நேராகக் குடலுக்குப் போய், ஓரளவு செரித்து, வெளியே போய்விடும். ஒரு வேளை நிறையச் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் வரை ஓட்டுவது என்பதெல்லாம் நடக்காது, வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும்.

மெதுவாக நகரும், துரத்தாது, எட்டும் தூரம் குறைவு, சேர்த்து வைக்க வயிறும் இல்லை. அப்படியானால் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரில் கோபிபாட்கள் எப்போதும் திரளாக இருந்தால்தான் இந்த மீனால் உயிரோடு இருக்க முடியும். நாலு கோபிபாட் அங்கங்கே மிதந்தால் வேறொரு மீன் தேடிப் பிடித்துப் பிழைத்துவிடும், இதனால் முடியாது.

சரி, அந்தக் கோபிபாட் கூட்டம் எங்கிருந்து வருகிறது? அவை தின்பது கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்களை. அந்தத் தாவரங்களுக்கு வேண்டியது வெயிலும், நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளும். வெயிலுக்குக் குறைவில்லை. சத்துகளைக் கொண்டுவருவது ஆறு. மேலே மலைச்சரிவிலிருந்தும் மண்ணிலிருந்தும் மழைநீர் கரைத்து எடுத்து வருவதைக் கழிமுகத்தில் கொட்டும்போது, சில நாட்களில் மிதவைத் தாவரங்கள் பெருகும், அதைத் தொடர்ந்து கோபிபாட்கள் பெருகும், அதைத் தொடர்ந்து குழல்மீனின் மூக்கு நுனிக்கு எதிரே விருந்து. ஒரு வெள்ளம் வடிந்து சில வாரங்களுக்குள் இந்தச் சங்கிலி முழுவதும் ஓடிவிடும். நாம் 'வீணாகப் போகிறது' என்று சொன்ன தண்ணீர் செய்கிற வேலை இது.

கழிமுகம் என்பது வெறும் ஆறும் இல்லை, கடலும் இல்லை. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும், ஆற்று நீரில் அநேகமாக ஒன்றுமில்லை. முகத்துவாரத்திலிருந்து மேலே ஆற்றை நோக்கிப் போகப்போக உப்பு படிப்படியாகக் குறைய வேண்டும். இந்தப் படிக்கட்டு மாதிரியான உப்பு அளவுதான் ஒவ்வொரு உயிருக்கும் அதனதன் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. ஆறு வராமல் போனால் இந்தப் படிக்கட்டு மறைந்து கழிமுகம் முழுவதும் கடல்நீரே நிரம்பிவிடும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும், கரீகாவில் வறட்சிக் காலங்களில் அது நடந்திருக்கிறது. மேல்பகுதியில் சிக்கிக்கொண்ட உப்புநீர் வெயிலில் ஆவியாக ஆவியாக, புதுத் தண்ணீர் வராததால் உப்பு இன்னும் கூடிக்கொண்டே போய், கடலைவிட ஆற்றின் மேல்பகுதியே அதிக உப்பாகிவிடும். படிக்கட்டு தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம்.

கரீகாவுக்கு ஏன் இந்த நிலை? இயல்பாகவே அது மழை குறைந்த பகுதியில் ஓடும் சின்ன ஆறு. அதன் மேல் அணைகள் கட்டித் தண்ணீரைத் தேக்குகிறார்கள். அவற்றில் முக்கியமானது செட்லர்ஸ் அணை. அந்த அணைத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? மக்கான்டாவுக்கு, அதாவது இந்த மீனுக்குப் பெயர் வைத்த ஸ்மித் வாழ்ந்த அதே ஊருக்கு. இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. 2019ல் மக்கான்டா கடும் வறட்சியில் தவித்தது, செட்லர்ஸ் அணை வற்றிப்போய்க் கிடந்தது, குழாயில் தண்ணீர் வராமல் மக்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மீனுக்குத் தண்ணீர் விடுங்கள் என்று போய்ச் சொல்வது எளிதான காரியம் இல்லை. ஆனால் மழை நன்றாகப் பெய்கிற ஆண்டுகளிலும் முதல் வெள்ளத்தை அணையே விழுங்கிக்கொள்கிறது, கழிமுகத்துக்கு வரவேண்டிய அந்தச் சின்னச் சின்ன வெள்ளங்கள் வருவதே இல்லை. பெரிய வெள்ளம் மட்டும்தான் அணையைத் தாண்டி வருகிறது. கழிமுகத்துக்கு அடிக்கடி தேவைப்படுவதோ அந்தச் சின்ன வெள்ளங்கள்தான்.

அதற்காகப் பெரிய வெள்ளம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். க்ளைன்மொண்டே, கசூகா போன்றவற்றின் வாயை ஆண்டில் பெரும்பகுதி ஒரு மணல்மேடு அடைத்திருக்கும். உள்ளே தண்ணீர் ஏரி போல் தேங்கி அமைதியாக இருக்கும், நீர்த்தாவரங்கள் செழிக்கும், குழல்மீனுக்கு அது சுகமான காலம். பெருமழை வந்து தண்ணீர் ஏறி மணல்மேட்டை உடைக்கும்போது, தேங்கியிருந்த நீர் எல்லாம் சில மணி நேரத்தில் கடலுக்கு ஓடிவிடும். கரையோரத் தாவரங்கள் வெயிலில் காய்ந்து சாகும், வெள்ளத்தின் வேகத்தில் வேரோடு பிடுங்கிக்கொண்டு போவதும் உண்டு. நீந்தத் தெம்பில்லாத மீன் வேறு. ஆறே வராவிட்டால் பட்டினி, ஒரேயடியாக வந்தால் வீடு போய்விடும்.

அப்புறம் இந்த மீனின் குடும்ப வாழ்க்கை. கடல்குதிரையில் ஆண்தான் கர்ப்பம் தரிக்கும் என்பது பலருக்குத் தெரியும், குழல்மீனிலும் அப்படியே. பெண் முட்டை உண்டாக்கும், ஆனால் அதைச் சுமப்பது ஆண். சிங்னாதஸ் வகைகளில் ஆணின் வால் பகுதிக்கு அடியில் இரண்டு தோல் மடிப்புகள் இருக்கும். ஆணும் பெண்ணும் உடம்போடு உடம்பு ஒட்டி நெளியும்போது பெண் தன் முட்டைகளை அந்த மடிப்புகளுக்கு நடுவே இறக்கிவிடும். மடிப்புகள் நடுவில் வந்து ஒட்டி மூடிக்கொள்ளும், சட்டையின் இரண்டு பக்கமும் சேர்த்துப் பொத்தான் போட்ட மாதிரி. ஒவ்வொரு முட்டையும் அப்பாவின் தோல் திசுவுக்குள் பதிந்துகொள்ளும், அந்தத் திசுவில் இரத்தக் குழாய்கள் பின்னிப் பிணைந்திருக்கும். அதன் வழியாக ஆக்சிஜன் போகும், பைக்குள் இருக்கும் திரவத்தின் உப்பு அளவும் ஒழுங்காகும், கொஞ்சம் ஊட்டமும் போகும். ஆகவே இது வெறுமனே முட்டையை முதுகில் ஒட்டிக்கொண்டு திரிவது போன்றது இல்லை, நிஜமான கர்ப்பம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐரோப்பியக் கடல்களில் வாழும் அகன்ற மூக்குக் குழல்மீனை ஆராய்ந்தபோது, சில நேரங்களில் ஊட்டம் எதிர்த்திசையிலும் போவதைக் கண்டார்கள். முட்டையில் அடையாளம் இட்டு வைத்த சத்து, அப்பாவின் உடம்பில் போய்ச் சேர்ந்திருந்தது. பிழைக்காமல் போன சில கருக்களை அப்பாவின் உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. அதே 2010ல் அமெரிக்காவில் கிம்பர்லி பாக்சோல்ட், ஆடம் ஜோன்ஸ் இருவரும் வளைகுடாக் குழல்மீனைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஆணுக்குப் பிடித்த பெரிய பெண்ணின் முட்டைகளில் அதிகம் பிழைக்கின்றன, அவ்வளவாகப் பிடிக்காத பெண்ணின் முட்டைகளில் குறைவாகவே பிழைக்கின்றன. பை என்பது வெறும் தொட்டில் இல்லை, அங்கே அப்பாவின் உடம்பு கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறது. இந்த இரண்டு ஆய்வுகளும் நம் கழிமுகக் குழல்மீனைப் பற்றியவை அல்ல, ஆனால் அதே சிங்னாதஸ் பேரினத்தின் சொந்தங்களைப் பற்றியவை.

சில வாரங்கள் கழித்து மடிப்பு பிரியும், நூல் துண்டு போன்ற குட்டிகள் வெளியே வரும். பிறக்கும்போதே அப்பாவின் அச்சு அசல். அந்த நிமிடத்திலிருந்து அவை தாங்களே இரை தேட வேண்டியதுதான், அப்பாவின் வேலை அதோடு முடிந்தது. பிறந்த குட்டிக்கும் வேண்டியது என்ன? மூக்குக்கு எதிரே கோபிபாட்.

அப்பாவின் வாலுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு முட்டைதான் சுமக்க முடியும். சிறிய மீன், சிறிய பை, கொஞ்சம் குட்டிகள். பல கடல்மீன்கள் லட்சக்கணக்கில் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடும், அவற்றின் பொடிக் குஞ்சுகள் நீரோட்டத்தோடு எங்கெங்கோ போய்ப் புது இடங்களில் குடியேறும். இங்கே அப்படி இல்லை. குட்டி பிறந்த புல்வெளியிலேயே வளர்ந்து அங்கேயே வாழ்ந்து முடிக்கும். ஒரு கழிமுகத்திலிருந்து அடுத்த கழிமுகத்துக்குப் போக வேண்டுமானால் நடுவில் அலை அடிக்கும் திறந்த கடல், அங்கே ஒளியப் புல்லும் இல்லை.

இதன் நெருங்கிய சொந்தத்தோடு ஒப்பிட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். அதே கழிமுகங்களில், சில நேரம் அதே புல்வெளியில், நீள்மூக்குக் குழல்மீன் என்று இன்னொரு இனம் வாழ்கிறது, சிங்னாதஸ் டெம்மின்க்கி. மரபணு ஆய்வுப்படி இரண்டும் உடன்பிறப்புகள் மாதிரி. ஆனால் நீள்மூக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் வளரும், ஆணின் பையில் மிக அதிக முட்டைகள் கொள்ளும், கழிமுகத்திலும் இருக்கும், கடலிலும் இருக்கும். அதனால் ஒரு கழிமுகத்தில் அது அழிந்தாலும் கடல் வழியாக வேறு சில வந்து மறுபடி நிரப்பிவிடும். தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் பரவலாக அது நன்றாகவே இருக்கிறது. நம் மீனுக்கோ ஒரு கழிமுகத்தில் விளக்கு அணைந்தால் அணைந்ததுதான். ஒரே குடும்பம், ஒரே உடலமைப்பு, ஒரே சாப்பாடு, ஆனால் வாழ்க்கை முறையில் இருக்கும் இந்தச் சில வேறுபாடுகள் ஒன்றைப் பிழைக்க வைத்து மற்றொன்றை விளிம்புக்குத் தள்ளியிருக்கின்றன.

அணைந்தேவிட்டது என்றும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1960களுக்குப் பிறகு அது ஆய்வாளர்களின் வலையில் சிக்காமல் போனதால், 1990களின் நடுவில் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் அற்றுப்போன இனமாகவே சேர்த்துவிட்டார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் கிழக்கு க்ளைன்மொண்டேயில் மீன்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர்களின் வலையில் அது உயிரோடு வந்து சேர்ந்தது. அதுவரை அங்கே அது இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதன்பின் 2006ல் இன்னொரு நல்ல செய்தி. நல்ல மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கண்ணில் படாத கரீகாவிலேயே அது மறுபடி தென்பட்டது. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் மிகப் பெரியதாகத் தெரிகிறது. ஆறு வந்தது, சத்து வந்தது, கோபிபாட் பெருகியது, மீனும் தலைகாட்டியது. மேலே சொன்ன சங்கிலி வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு அந்த மீனே வந்து சாட்சி சொன்ன மாதிரி. ஆனாலும் இன்று வரை அது 'மிக ஆபத்தான நிலை' என்ற வகையில்தான் இருக்கிறது, அதாவது அழிவுக்கு ஒரு படி முன்னால்.

தண்ணீர்ப் பற்றாக்குறையோடு வேறு தொல்லைகளும் சேர்ந்துகொள்கின்றன. கடலோர ஊர்களில் விடுமுறைக்கு வருபவர்களின் மோட்டார் படகுகள் ஆழமில்லாத இடத்தில் புல்வெளியைக் கிழித்துக்கொண்டு போகும். தூண்டிலுக்கு இரை தேடி மண்வெட்டியோடு இறங்குபவர்கள் கடற்புல்லை வேரோடு பெயர்த்துவிடுவார்கள். கரையோரத்தில் கட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடுமோ என்று பயந்து, மூடியிருக்கும் முகத்துவாரத்தை முன்கூட்டியே வெட்டித் திறந்துவிடுவதும் நடக்கிறது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் சின்னதாகத் தெரியும், ஆனால் மொத்த உலகமே நாலைந்து கழிமுகமாக இருக்கும் ஒரு மீனுக்கு எதுவுமே சின்னது இல்லை.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் முன்னோடி என்றே சொல்ல வேண்டும். 1998ம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தில் 'இருப்பு' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. எந்த ஆற்றிலிருந்தும் விவசாயத்துக்கோ தொழிற்சாலைக்கோ தண்ணீர் பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பங்குகளை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். ஒன்று மனிதர்களின் அடிப்படைத் தேவைக்கு, இன்னொன்று ஆறு ஆறாக இருப்பதற்கு. அந்த இரண்டாவது பங்கில் கழிமுகமும் அடக்கம். தண்ணீர் கடலுக்குப் போவதை 'வீண்' என்று எழுதாமல் 'தேவை' என்று எழுதிவைத்த சட்டம் இது. கரீகா போன்ற, ஏற்கெனவே அணை கட்டி முடித்து, ஒரு ஊரே அதை நம்பி இருக்கும் ஆற்றில் அந்தப் பங்கை எப்போது, எவ்வளவு, எந்த மாதத்தில் திறந்துவிடுவது என்பதுதான் பெரும்பாடு. ஆண்டு முழுவதற்குமான மொத்த அளவைவிட அந்தச் சின்ன வெள்ளங்களைச் சரியான நேரத்தில் வர விடுவது முக்கியம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஏனென்றால் கோபிபாட் கூட்டம் அதற்குத்தான் எழும்புகிறது.

இத்தனையும் படித்துவிட்டு, இந்த மீனை எப்படித் தேடுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி, கண்ணி மிக நெருக்கமான வலை ஒன்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, புல்வெளியின் மேல் மெதுவாக இழுத்து வருவார்கள். வலையைக் கரையில் விரித்தால் இலைத் துண்டுகள், இறால் குஞ்சுகள், சின்னச் சின்ன மீன்கள். அதற்கு நடுவே காய்ந்த புல் தண்டு மாதிரி ஒன்று நெளியும். உடனே ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டு, குனிந்து அதன் முகத்தைப் பார்ப்பார்கள். மூக்கு நீளமாக இருந்தால் அது எங்கும் கிடைக்கிற சொந்தக்காரன். குட்டையாக இருந்தால், அளந்து, ஆணா பெண்ணா, பையில் முட்டை இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு, எடுத்த அதே புல்லுக்குள் திரும்ப விட்டுவிடுவார்கள். பெரும்பாலான நாட்களில் மூக்கு நீளமாகத்தான் இருக்கும்.